பழைய இயங்குதளங்களை மென்பொருள்கள் ஏன் கைவிடுகின்றன?

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் ஒருநாள் ஒரு சிறு அறிவிப்பு தோன்றுகிறது: 'இந்த மென்பொருளின் இனிவரும் பதிப்புகள் உங்கள் இயங்குதளத்தில் இயங்கா.' கணினியையே இயக்கும் விண்டோஸ் போன்ற அடிப்படை மென்பொருளைத்தான் இயங்குதளம் என்கிறோம். கணினியில் எந்தப் பழுதும் இல்லை. நேற்று செய்த வேலையை இன்றும் அது குறையின்றிச் செய்கிறது. ஆகவே, புதிய கணினியை வாங்கவைப்பதற்கான வியாபார உத்தியே இது என்ற எண்ணம் பலருக்கும் முதலில் எழுவதில் வியப்பில்லை. அந்த எண்ணம் சில இடங்களில் சரி. பல இடங்களில் தவறு. இரண்டையும் பிரித்து அறிய வேண்டுமானால், 'ஆதரவு' என்ற சொல் மென்பொருள் துறையில் எதைக் குறிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆதரவு என்பது ஒரு வாக்குறுதி. ஒரு நிறுவனம் தன் மென்பொருளை ஓர் இயங்குதளத்தில் ஆதரிக்கிறது என்றால், ஒவ்வொரு புதிய பதிப்பையும் அந்த இயங்குதளத்தில் ஓட்டிச் சோதிப்போம், அங்கே பிழை தென்பட்டால் திருத்துவோம், பாதுகாப்பு ஓட்டை கண்டறியப்பட்டால் அடைப்போம் என்று அது பொறுப்பேற்கிறது. ஆதரவு முடிந்தது என்றால் அந்தப் பொறுப்பு முடிந்தது என்று பொருள். ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கும் மென்பொருள் அன்றைக்கே நின்றுபோவதில்லை. பல மென்பொருள்கள் அதற்குப் பிறகும் ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. ஓடுவது வேறு, ஆதரிக்கப்படுவது வேறு. இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால், இத்தகைய அறிவிப்புகளைப் பார்த்துப் பதற்றம் கொள்ளவும் தேவையிருக்காது, அவற்றை அலட்சியப்படுத்தவும் தோன்றாது.

இங்கே இரண்டு வகை ஆதரவுகள் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. ஒன்று, இயங்குதளத்தை உருவாக்கிய நிறுவனம் தன் இயங்குதளத்துக்கே தரும் ஆதரவு. மற்றொன்று, அதன்மேல் ஓடும் உலாவி, விளையாட்டு, கணக்குப் பதிவு போன்ற மென்பொருள்களை எழுதுவோர் அந்த இயங்குதளத்துக்குத் தரும் ஆதரவு. முதலாவது முடிந்த அன்றே இரண்டாவதும் முடிந்துவிடும் என்பதில்லை. ஆனால் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குள் அது பின்தொடர்ந்து வருகிறது.

முதல் வகைக்கு விண்டோஸ் நல்ல எடுத்துக்காட்டு. 2001 அக்டோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 வரை பாதுகாப்புத் திருத்தங்களை வழங்கியது. 2009இல் வந்த விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 கடைசி நாளானது. கட்டணம் செலுத்திய நிறுவனங்களுக்கு மட்டும் மேலும் மூன்று ஆண்டுகள், அதாவது 2023 ஜனவரி வரை, திருத்தங்கள் கிடைத்தன. 2015இல் வந்த விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. இந்தத் தேதிகள் திடீரென அறிவிக்கப்பட்டவை அல்ல. பல ஆண்டுகளுக்கு முன்பே வெளியிடப்பட்டவை. ஓர் இயங்குதளத்தை நிறுவும்போதே அதன் கடைசித் தேதியைத் தெரிந்துகொள்ள முடியும் என்பது பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று.

இனி இரண்டாவது வகைக்கு வருவோம். நேற்றுவரை பழைய இயங்குதளத்தில் ஓடிய ஒரு மென்பொருள், புதிய பதிப்பில் ஏன் ஓடாமல் போகிறது? எந்த மென்பொருளும் எல்லா வேலைகளையும் தானே செய்துகொள்வதில்லை. கோப்பைத் திறப்பது, நேரத்தை அறிவது, திரையில் எழுத்தைக் காட்டுவது, வலைப்பின்னலில் தொடர்புகொள்வது என அனைத்துக்கும் அது இயங்குதளத்திடம் கேட்கிறது. அப்படிக் கேட்பதற்கென்று பெயரிடப்பட்ட ஆயிரக்கணக்கான செயற்கூறுகளை இயங்குதளம் வைத்திருக்கிறது. இயங்குதளத்தின் ஒவ்வொரு பதிப்பிலும் அந்தப் பட்டியல் நீள்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெயரைச் சொல்லி அழைத்தால், பழைய இயங்குதளத்துக்கு அது யாரென்றே தெரியாது.

ஒரே ஒரு செயற்கூற்றைச் சற்று நெருங்கிப் பார்த்தால் சிக்கலின் தன்மை முழுவதும் விளங்கிவிடும். கணினி இயங்கத் தொடங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை மில்லி விநாடிகளில் சொல்ல விண்டோஸில் 'கெட் டிக் கவுண்ட்' என்ற பழைய செயற்கூறு உண்டு. அது தரும் எண் 32 பிட் அளவுடையது. அதில் அடங்கக்கூடிய மிகப்பெரிய எண் ஏறத்தாழ 429 கோடி. அத்தனை மில்லி விநாடிகள் என்பது 49.7 நாட்கள். ஆகவே கணினி தொடர்ந்து ஏழு வாரங்களுக்கு மேல் ஓடினால் அந்த எண் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கிவிடும். கவனமின்றி எழுதப்பட்ட நிரல் அந்தக் கணத்தில் காலம் பின்னோக்கிச் சென்றுவிட்டதாகக் கருதித் தடுமாறும். இதற்குத் தீர்வாக 64 பிட் எண்ணைத் தரும் புதிய செயற்கூறு ஒன்றை மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவில் சேர்த்தது. அதைப் பயன்படுத்தினால் மேற்சொன்ன தொல்லை நம் வாழ்நாளில் வராது.

ஆனால் அந்தப் புதிய செயற்கூறு எக்ஸ்பியில் கிடையாது. நிரலர் அதை நேரடியாகப் பயன்படுத்தியிருந்தால், எக்ஸ்பியில் அந்த மென்பொருள் தொடங்கக்கூடச் செய்யாது. அந்தச் செயற்கூறு மென்பொருளின் ஏதோவொரு மூலையில், ஆண்டுக்கு ஒருமுறை அழைக்கப்படுவதாக இருந்தாலும் நிலைமை மாறாது; ஏனெனில் நேரடியாகக் குறிப்பிடப்பட்ட பெயர்கள் அனைத்தும் இருக்கின்றனவா என்பதை மென்பொருள் தொடங்கும் நேரத்திலேயே விண்டோஸ் சரிபார்க்கிறது, ஒரு பெயர் இல்லாவிட்டாலும் பிழைச் செய்தியைக் காட்டி நிறுத்திவிடுகிறது. எக்ஸ்பியையும் ஆதரிக்க வேண்டுமானால், அந்தச் செயற்கூறு இருக்கிறதா என்று ஓடும்போது கேட்டுப் பார்த்து, இருந்தால் அதையும் இல்லாவிட்டால் பழையதையும் பயன்படுத்துமாறு இரண்டு வழிகளை எழுதி, இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். ஒரு செயற்கூற்றுக்கு இது பத்து வரி வேலை. ஒரு பெரிய மென்பொருளில் இப்படி நூற்றுக்கணக்கான இடங்கள் அமைந்துவிடும்போது, நிரல் முழுவதும் 'பழையதாக இருந்தால்', 'புதியதாக இருந்தால்' என்ற கிளைகளால் நிறைந்துவிடுகிறது. அந்தக் கிளைகளில் பழையதற்கான பாதையில் நடப்போர் குறையக் குறைய, அங்கே ஒளிந்திருக்கும் பிழைகள் யார் கண்ணிலும் படாமல் தங்கிவிடுகின்றன. ஆதரவைக் கைவிடுவதற்கான காரணங்களில் மிக நேர்மையானது இதுதான் என்று நான் கருதுகிறேன்.

ஆயினும், பல சமயங்களில் முடிவு நிரலரின் கையிலேயே இருப்பதில்லை. இன்றைய மென்பொருள் எதுவும் தனித்து நிற்பதில்லை. அது, நிரலை ஓடக்கூடிய கோப்பாக மாற்றும் ஒரு கம்பைலரால் உருவாக்கப்படுகிறது, பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளான பல லைப்ரரிகளைத் தன்னுள் கொண்டிருக்கிறது, அந்த லைப்ரரிகள் வேறு லைப்ரரிகளைச் சார்ந்திருக்கின்றன. இந்தச் சங்கிலியில் ஏதேனும் ஒரு கண்ணி பழைய இயங்குதளத்தை விட்டுவிட்டால், அதற்கு மேலுள்ள அத்தனையும் விட்டுத்தான் ஆக வேண்டும். 2012இல் வெளியான விஷுவல் ஸ்டுடியோ என்ற மைக்ரோசாஃப்டின் நிரலாக்கக் கருவி தொடக்கத்தில் உருவாக்கித் தந்த கோப்புகளை எக்ஸ்பி ஏற்க மறுத்தது. கோப்பின் தலைப்பகுதியில் எழுதப்படும் குறைந்தபட்சப் பதிப்பு எண் விஸ்டாவுக்கு உரியதாக இருந்ததே அதற்கு ஒரு காரணம். நிரலில் ஒரு வரியும் மாறாமல், கம்பைலரை மட்டும் மாற்றியதால் பழைய இயங்குதளம் விடுபட்டது. பின்னர் வந்த ஒரு புதுப்பிப்பில் எக்ஸ்பிக்கான தனி வசதி சேர்க்கப்பட்டது.

சங்கிலியின் செயல்பாட்டை முழுமையாகக் காண விண்டோஸ் 7இன் கடைசி ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் கட்டண ஆதரவும் 2023 ஜனவரியில் முடிந்தது. அந்த மாதம் வெளியான 109ஆம் பதிப்போடு கூகுள் குரோம் விண்டோஸ் 7ஐயும் 8.1ஐயும் விட்டது. குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தின் மீதே எலக்ட்ரான் என்ற கட்டமைப்பு எழுப்பப்பட்டுள்ளது. உரையாடல் செயலிகள், குறிப்பெழுதும் செயலிகள், நிரல் திருத்திகள் எனப் பல மேசைக்கணினி மென்பொருள்கள் அந்த எலக்ட்ரானைக் கொண்டு உருவாக்கப்பட்டவை. 2023 பிப்ரவரியில் வந்த எலக்ட்ரான் 23 அதே இயங்குதளங்களை விட்டது. அதற்கு மாறிய செயலிகள் ஒவ்வொன்றாக அதே வழியில் சென்றன. விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் செயலியும் தன்னுள் குரோமின் பகுதி ஒன்றைக் கொண்டிருப்பதைக் காரணமாகச் சொல்லி, 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றுக்கான ஆதரவை முடித்துக்கொண்டது. ஸ்டீமில் வாங்கிய பழைய விளையாட்டு ஒன்றுக்குக் குரோமோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அதைத் தொடங்கிவைக்கும் செயலிக்குத் தொடர்பு இருந்தது. விண்டோஸ் 7இல் ஓடுவதற்காகவே எழுதப்பட்ட விளையாட்டு, இப்படித்தான் விண்டோஸ் 7இல் ஆதரவற்றதாகிறது.

நிரல்மொழிகளும் இந்தச் சங்கிலியின் கண்ணிகளே. பைத்தான் இதற்கென எழுதப்பட்ட விதியையே வைத்திருக்கிறது: பைத்தானின் ஒரு புதிய பதிப்பு வெளியாகும் காலத்தில் மைக்ரோசாஃப்ட் எந்த விண்டோஸ் பதிப்புகளுக்குத் தன் நீட்டிக்கப்பட்ட ஆதரவைத் தருகிறதோ அவற்றை மட்டுமே அது ஆதரிக்கும். அதன்படி பைத்தான் 3.8 விண்டோஸ் 7இல் ஓடும். 2020 அக்டோபரில் வந்த 3.9 ஓடாது. கோ மொழியின் 1.21ஆம் பதிப்பு 2023இல் விண்டோஸ் 10ஐக் குறைந்தபட்சத் தேவையாக்கியது. 2024இல் ரஸ்ட் மொழியின் 1.78ஆம் பதிப்பும் அவ்வாறே செய்தது. இத்தகைய விதியை முன்கூட்டியே எழுதி வைப்பது பயனருக்குச் செய்யும் பெரிய உதவி. யாருடைய மனநிலையையும் ஊகிக்காமல் தேதியைக் கணக்கிட்டுக்கொள்ள அது வழிசெய்கிறது.

லினக்ஸில் இதே கதை வேறு பெயரில் நடக்கிறது. அங்கே ஏறத்தாழ எல்லா மென்பொருளும் ஜி-லிப்சி என்ற அடிப்படை லைப்ரரியைச் சார்ந்திருக்கிறது. புதிய ஜி-லிப்சியோடு சேர்த்து உருவாக்கப்பட்ட நிரலைப் பழைய விநியோகம் (லினக்ஸைத் தொகுத்துத் தரும் பதிப்பு) ஒன்றில் ஓட்டினால், தேவையான பதிப்பு காணப்படவில்லை என்ற செய்தியோடு அது நின்றுவிடக்கூடும். 2024இன் தொடக்கத்தில் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற நிரல் திருத்தி தன் குறைந்தபட்சத் தேவையை ஜி-லிப்சி 2.28க்கு உயர்த்தியபோது, உபுண்டு 18.04, சென்ட்ஓஎஸ் 7 போன்ற பழைய விநியோகங்கள் ஓடும் தொலைநிலைச் சேவையகங்களோடு இணைந்து வேலைசெய்துகொண்டிருந்தவர்கள் ஒரே புதுப்பிப்பில் இணைப்பை இழந்தார்கள். தம் மேசையில் இருந்த கணினி புத்தம் புதியதாக இருந்தும் அவர்களுக்கு இந்த நிலை ஏற்பட்டது. எதிர்ப்பு கிளம்பியதும், எச்சரிக்கைச் செய்தியோடு பழைய சேவையகங்களைச் சில காலம் அனுமதிக்கும் மாற்றம் கொண்டுவரப்பட்டது. முடிவு தவறல்ல, அதைப் பயனர் புதுப்பித்த பிறகே அறிந்துகொள்ளும்படி விட்டதுதான் தவறு.

பாதுகாப்பு என்ற காரணம் எல்லா அறிவிப்புகளிலும் இடம்பெறுவதால், அதை வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிடத் தோன்றலாம். ஆனால் அது உண்மையான காரணம். ஓர் உலாவி எவ்வளவு கவனமாக எழுதப்பட்டிருந்தாலும், அது நிற்கும் தளத்தில் ஓட்டை இருந்தால் அதனால் பயனரைக் காக்க முடியாது. அதோடு, புதிய இயங்குதளத்துக்கு வெளியாகும் ஒவ்வொரு திருத்தமும் பழைய இயங்குதளத்தின் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கிறது: திருத்தத்துக்கு முன்னும் பின்னும் உள்ள கோப்புகளை ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே ஓட்டை இருந்தது என்று கண்டறிந்து, அதே ஓட்டை அடைக்கப்படாமல் கிடக்கும் பழைய கணினிகளைத் தாக்க முடியும்.

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை இதை உலகுக்கு உணர்த்தியது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட அந்தத் தீநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையில் பல மருத்துவமனைகளின் பணிகள் தடைபட்டன. அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. ஆனால் ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்கு அது பொதுவாக வழங்கப்படவில்லை. தாக்குதலுக்குப் பிறகு, வழக்கத்துக்கு மாறாக எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தம் வெளியிடப்பட்டது. இந்த நிகழ்வில் பலரும் தவறாக நினைவில் வைத்திருக்கும் செய்தி ஒன்றுண்டு. பாதிக்கப்பட்ட கணினிகளில் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்பியில் ஓடவில்லை. அன்று ஆதரவில் இருந்த விண்டோஸ் 7இல் ஓடின. திருத்தம் இருந்தும் அவற்றில் நிறுவப்படவில்லை. ஆதரவுள்ள இயங்குதளத்தை வைத்திருப்பது பாதி வேலைதான். வரும் திருத்தங்களை நிறுவுவது மீதிப் பாதி.

எந்த நிறுவனமும் எதையும் கைவிடாவிட்டாலும் பழைய இயங்குதளம் தானாகவே ஒதுங்கிப்போகும் இடம் ஒன்று உண்டு. இணையத்தில் ஒரு தளத்தோடு பாதுகாப்பாகப் பேச, இருபுறமும் ஒரே மறையாக்க முறையை அறிந்திருக்க வேண்டும். எக்ஸ்பியுடன் வந்த மறையாக்கப் பகுதி, டி.எல்.எஸ். என்ற அந்த முறையின் 1.0 பதிப்புக்கு மேல் அறியாது. இன்றைய தளங்கள் பெரும்பாலும் 1.2ஐயாவது எதிர்பார்க்கின்றன. தளம் உண்மையானதே என்று உறுதிசெய்யும் சான்றிதழ்களும் அப்படியே. ஒவ்வொரு சான்றிதழும், சாதனம் ஏற்கெனவே நம்பும் ஒரு மூலச் சான்றிதழைச் சார்ந்து நிற்கிறது. தளங்களுக்கு இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. அதன் புதிய மூலச் சான்றிதழை 7.1.1க்கு முந்தைய ஆண்ட்ராய்டு பதிப்புகள் அறியாதவை. அவை அந்த அமைப்பு 2020இல் எச்சரித்தபோது புழக்கத்திலிருந்த ஆண்ட்ராய்டு சாதனங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆண்ட்ராய்டு மூலச் சான்றிதழின் காலாவதித் தேதியைச் சரிபார்ப்பதில்லை என்ற தன்மையைப் பயன்படுத்தி, பழைய சான்றிதழின் பெயரிலேயே புதியதற்கு ஒப்பமிடும் ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டதால் அந்தச் சாதனங்களுக்கு மேலும் சில ஆண்டுகள் கிடைத்தன. பழைய சாதனங்களின் பயனர்களை எண்ணி ஓர் அமைப்பு இத்தனை தூரம் முயன்றது என் மனத்தை இன்றும் தொடுகிறது.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவி பழைய இயங்குதளங்களில் நீண்ட காலம் பயன்பட்டதற்கும் இதுவே ஒரு காரணம்: அது தன் மறையாக்க லைப்ரரியையும் சான்றிதழ்ப் பட்டியலையும் தானே சுமந்து வருகிறது, இயங்குதளத்திடம் கேட்பதில்லை. 2023இல் வந்த அதன் 115ஆம் நீட்டிக்கப்பட்ட ஆதரவுப் பதிப்பே விண்டோஸ் 7க்கும் 8க்கும் கடைசி. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்படும் தேதி பலமுறை தள்ளிவைக்கப்பட்டது.

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட சந்தேகம் சரியாக அமையும் இடங்கள். விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய மையச் செயலகங்களையும் (சி.பி.யு.) கட்டாயமாக்கியது. அதனால் வேகத்திலும் நினைவகத்திலும் எந்தக் குறையும் இல்லாத கணினிகளுக்கு விண்டோஸ் 10ஐத் தாண்டி முறையான வழி இல்லாமல் போயிற்று. சிப்பைக் கேட்பதற்குப் பாதுகாப்புக் காரணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அதன் விலையை, நல்ல நிலையிலுள்ள பொருளைக் குப்பையாக்கும் பயனர் செலுத்துகிறார் என்பதை மறைக்க முடியாது. ஆப்பிள் 2019 அக்டோபரில் மேக் ஓஎஸ் கேட்டலினாவில் 32 பிட் செயலிகளை முற்றிலும் நிறுத்தியபோது, தலைகீழான இழப்பு நேர்ந்தது: இயங்குதளத்தைப் புதுப்பித்தவர்கள், உருவாக்கியவர்களே இல்லாமற்போன பழைய மென்பொருள்களை இழந்தார்கள். ஒரு குறிப்பிட்ட கணினியோடு பிணைக்கப்பட்ட மருத்துவக் கருவிகள், ஆய்வகக் கருவிகள் ஆகியவற்றின் நிலை இன்னும் கடினம். கருவி இருபது ஆண்டுகள் உழைக்கும். அதனோடு பேசும் மென்பொருள் ஒரே ஓர் இயங்குதளத்தில்தான் ஓடும்.

என் அனுபவத்தில் கசந்தது ஒன்று உண்டு. பல ஆண்டுகளாகக் குறிப்புகள் எழுதிவந்த ஒரு செயலி, ஒரு காலையில் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது; புதிய பதிப்பு என் இயங்குதளத்தில் திறக்கவேயில்லை. முந்தைய பதிப்பு அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து அகற்றப்பட்டிருந்தது. குறிப்புகள் வட்டில் இருந்தன, ஆனால் அவற்றைப் படிக்கத் தெரிந்தது அந்தச் செயலிக்கு மட்டுமே. ஒரு மென்பொருள் ஆதரவை முடித்துக்கொள்ளும்போது, அந்த இயங்குதளத்துக்குரிய கடைசிப் பதிப்பைத் தரவிறக்கத்துக்கு வைத்திருப்பதும், தானியங்கிப் புதுப்பிப்பு அந்தப் பதிப்போடு நின்றுகொள்ளுமாறு செய்வதும் மிகச் சிறிய செலவில் முடியும் வேலைகள். இவற்றைச் செய்யாமல் விடுவதற்கு எந்தத் தொழில்நுட்பக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே அறிவிப்பு உங்கள் திரையில் வந்தால், முதலில் கேட்க வேண்டியது முடிந்தது எந்த ஆதரவு என்பதே. செயலியின் ஆதரவு மட்டும் முடிந்து, இயங்குதளத்துக்கு இன்னும் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தால் அவசரமில்லை. அதே வேலைக்கு இன்னும் ஆதரவு தரும் வேறொரு செயலியைத் தேடலாம். இயங்குதளத்தின் ஆதரவே முடிந்திருந்தால், அந்தக் கணினியில் வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் தொடர்வது நாளுக்கு நாள் ஆபத்து கூடும் செயல். அந்த வன்பொருளை விட மனமில்லாதவர்கள் திருத்தங்கள் பெறும் லினக்ஸ் விநியோகம் ஒன்றை நிறுவிப் பார்க்கலாம்; உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டுகள் வழக்கமான ஆதரவு உண்டு. பழைய இயங்குதளத்தில் மட்டுமே ஓடும் மென்பொருள் தவிர்க்க முடியாததாக இருந்தால், அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து அந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அல்லது புதிய கணினிக்குள் மெய்நிகர் இயந்திரமாக (மென்பொருளால் உருவாக்கப்பட்ட கணினியாக) அந்தப் பழைய இயங்குதளத்தை வலைப்பின்னல் இணைப்பின்றி ஓட்டலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும், கடைசிப் பதிப்பின் நிறுவல் கோப்பையும் உரிமச் சாவியையும் இப்போதே தனியே சேமித்து, தரவுகளை எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய பொது வடிவத்தில் ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள். உரிமத்தைச் சரிபார்க்க நிறுவனத்தின் சேவையகத்தை நாடும் மென்பொருள்களுக்கு அந்தச் சேவையகம் நிற்கும் நாளே உண்மையான கடைசி நாள் என்பதால், அத்தகையவற்றில் உள்ள தரவுகளை முதலில் வெளியே எடுப்பது நல்லது.